விழுந்த பொருளின் ஆற்றல் எங்கே போகிறது?

ஒரு கிலோ எடையுள்ள கருங்கல் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும் கணத்தில் அதனிடம் 98 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) இயக்க ஆற்றல் இருக்கும். அடுத்த கணம் கல் அசையாமல் கிடக்கும். அந்த 98 ஜூலும் என்ன ஆயிற்று என்று கேட்டால், பதினோராம் வகுப்பு மாணவர்களில் பலர் ‘தரைக்குள்ள போயிருச்சு சார்’ என்கிறார்கள், சிலர் ‘சத்தமா மாறிருச்சு’ என்கிறார்கள். வெப்பமாக மாறியது என்று பாடத்தில் உள்ளபடி சொல்பவர்களும், அப்படியானால் கல்லைத் தொட்டால் ஏன் சுடவில்லை என்று கேட்டதும் அடங்கிவிடுகிறார்கள். காரைக்குடிப் பக்கத்தில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. விழுகிற பொருளின் ஆற்றல் வெப்பமாகிறது என்பதை மனிதர்கள் ஏன் இவ்வளவு காலம் தாழ்த்திக் கண்டுபிடித்தார்கள் என்பதற்கான விடையும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

விடை கணக்கில் இருக்கிறது. ஒரு கிலோ கருங்கல்லின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 800 ஜூல் வேண்டும். மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்து வந்த 98 ஜூலும் ஒரு துளிகூடத் தரைக்குப் போகாமல் கல்லிலேயே தங்கியது என்று வைத்துக்கொண்டாலும், கல்லின் வெப்பநிலை 0.12 பாகைதான் உயரும். நம் விரலால் அதை உணர முடியாது. தலையில் விழுந்தால் உயிரையே பறிக்கக்கூடிய ஆற்றல், வெப்பமாக மாறும்போது கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படாத அளவுக்குச் சிறுத்துவிடுகிறது என்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன்; ஒவ்வோர் ஆண்டும் அது என்னையே வியக்க வைக்கிறது. ஒரு பொருளைச் சூடாக்குவது என்பது எவ்வளவு செலவு பிடிக்கிற காரியம் என்பதை அடுப்படியில் நிற்பவர்கூட ஜூல் கணக்கில் நினைத்துப் பார்ப்பதில்லை.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பொருள் கீழே விழுவதைக் கேட்பதற்கென்றே கட்டியதுபோன்ற இடங்கள் உண்டு. உயரமான பட்டாலையில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், இரண்டு கிலோ எடையுள்ள ஒரு பித்தளைத் தாம்பாளம் இடுப்பளவு உயரத்திலிருந்து கைநழுவி விழுகிறது என்று கொள்வோம். முதல் மோதலில் ‘ணங்’ என்ற பேரொலி எழும். தாம்பாளம் ஒரு பக்க விளிம்பில் எழும்பி, மறு விளிம்பில் இறங்கி, பிறகு விளிம்பின் மேலேயே சுற்றிச் சுற்றி உருளத் தொடங்கும். சுற்று வேகமாக ஆக ஆகத் தட்டு தாழ்ந்துகொண்டே வரும். ஒலியும் ‘ணங் ணங்’ என்பதிலிருந்து ‘கிர்ர்’ என்று நெருங்கி, சட்டென நின்றுவிடும். இந்தச் சில விநாடிகளுக்குள் ஏறத்தாழ 20 ஜூல் ஆற்றல் பல கைகள் மாறுகிறது. மோதிய இடத்தில் பித்தளை மிக நுண்ணிய அளவில் நசுங்குகிறது. அந்த இடத்தில் பிறந்த அதிர்வு தட்டு முழுவதும் அலையாக ஓடுகிறது. அதிர்வின் ஒரு சிறு பங்கு காற்றைத் தள்ளி ஒலியாகப் புறப்படுகிறது. இன்னொரு பங்கு தரைக்குள் இறங்குகிறது.

இவற்றில் எதுவும் நிலைத்த தங்குமிடம் அல்ல. தட்டின் அதிர்வு உலோகத்தின் உட்கூற்று உராய்வால் தேய்ந்து தட்டையே சூடாக்குகிறது. ஒலி சுண்ணாம்புச் சுவரிலும் தேக்குத் தூணிலும் தொங்கும் துணியிலும் பட்டுப் பட்டு எதிரொலித்து, ஒவ்வொரு படுதலிலும் சிறிது உறிஞ்சப்பட்டு, இறுதியில் சுவரின் வெப்பமாகவும் காற்றின் வெப்பமாகவும் அடங்குகிறது. தரைக்குள் இறங்கிய அதிர்வு மண்ணின் துகள்களுக்கிடையே உரசி அதேபோல முடிகிறது. ஆக, ‘சத்தமாக மாறியது’ என்று சொன்ன மாணவரின் விடை வழியில் ஓர் ஊரைச் சொன்னதே தவிர, போய்ச் சேர்ந்த ஊரைச் சொன்னதாகாது. அத்தனை ஆற்றலும் தாம்பாளத்திலேயே வெப்பமாகத் தங்கியிருந்தாலும், அதன் வெப்பநிலை ஒரு பாகையில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான் கூடியிருக்கும். உண்மையில் தரையும் காற்றும் பங்கு கேட்பதால் அவ்வளவும் இருக்காது.

மோதலில் வெப்பம் எங்கே பிறக்கிறது என்பதை விரலால் உணர வேண்டுமானால், கட்டுமான இடத்தில் கம்பி கட்டுபவரிடம் ஒரு சாண் கட்டுக்கம்பி வாங்கிக்கொள்ளலாம். அதை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வேகமாக மடக்கினால், சில மடக்கில் கம்பி ஒடியும். ஒடிந்த முனையை உடனே மேலுதட்டில் மெல்ல வைத்துப் பார்த்தால் சுடும். அங்கே மோதல் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. ஆனால் விழுகிற ஈயக் குண்டு நசுங்கும்போது உள்ளே நடப்பது இதுவேதான். உலோகத்தின் அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக வழுக்கி, பழைய இடத்துக்குத் திரும்ப முடியாமல் புதிய இடத்தில் நிலைகொள்ளும்போது, அவற்றை வழுக்கச் செய்த வேலை அணுக்களின் தாறுமாறான அதிர்வாக, அதாவது வெப்பமாக மாறுகிறது. உலோகத்தை இப்படி உருக்குலைக்கச் செலவிடும் வேலையில் எவ்வளவு வெப்பமாகிறது என்பதை இங்கிலாந்தின் ஜி. ஐ. டெய்லரும் குவின்னியும் அளந்து 1934இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகிறது. எஞ்சிய சிறு பங்கு அணு அடுக்குகளின் குலைவாக உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தட்டித் தட்டி வடித்த பாத்திரம் முன்பைவிட விறைப்பாக இருப்பதற்கும் அந்தக் குலைவே காரணம்.

உடைவதற்கு ஆற்றல் செலவாகிவிடாதா என்று கேட்பதுண்டு. ஓட்டு வீட்டின் கூரையிலிருந்து விழுந்த ஓடு நாலைந்து துண்டாகிறது; புதிய பரப்புகள் தோன்றுகின்றன; அவற்றைத் தோற்றுவிக்க ஆற்றல் வேண்டியதுதான். ஆனால் அது மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. சிதறிய துண்டுகள் ஓடி, உருண்டு, தரையோடு தேய்ந்து நிற்கும்போது பெரும்பங்கும் வெப்பக் கணக்கில்தான் சேர்கிறது.

வெப்பத்தின் அளவையும் வெப்பநிலையையும் ஒன்றாக நினைப்பதுதான் இந்தப் பாடத்தில் வரும் பெரிய குழப்பம். மொத்த ஆற்றல் மிகச் சிறிதாக இருந்தாலும், அது ஒரு கடுகினும் சிறிய இடத்தில் குவிந்தால் அந்த இடம் நீரின் கொதிநிலையையும் தாண்டும். இரண்டு கனத்த எஃகுக் குண்டுகளுக்கு இடையில் ஒரு தாளைப் பிடித்து, குண்டுகளை வேகமாக மோதவிட்டால், மோதிய புள்ளியில் தாளில் ஒரு சிறு ஓட்டை விழும். முகர்ந்து பார்த்தால் கருகிய வாசனை வரும். குண்டுகளைத் தொட்டால் சற்றும் சுடாது. தெருவில் அம்மி கொத்த வருபவரின் உளி கருங்கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறியும் இதே வகைதான். பெயர்ந்து வந்த இரும்புத் துகள் மிகச் சிறியதாக இருப்பதால், அதில் சேர்ந்த சொற்ப ஆற்றலே அதைக் காய்ச்சிவிடுகிறது. காய்ந்த துகள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து ஒளிர்கிறது. உளியின் அடியும் மூன்று மாடியிலிருந்து விழுந்த கல்லின் மோதலும் வேறுபடுவது ஆற்றலின் அளவில் மட்டுமல்ல, அது பரவும் இடத்தின் அளவிலும்தான். மில்லில் அரைத்து வந்த மிளகாய்த்தூளை ஆச்சிமார் உடனே டப்பாவில் அடைப்பதில்லை. தாளில் பரப்பி, சூடு ஆறிய பிறகே அடைப்பார்கள். அரைவைக் கல்லைச் சுழற்றிய மோட்டாரின் இயந்திர ஆற்றல் இடைவிடாமல் அந்தத் தூளுக்குள்ளேயே போய்ச் சேர்ந்ததால்தான் அந்தச் சூடு கைக்குத் தெரிகிறது.

புதிய தளம் போடுவதற்கு முன் திமிசுக் கட்டையால் மண்ணை இடிக்கும் வேலையிலும் இதே கணக்குதான். 10 கிலோ திமிசை அரை மீட்டர் தூக்கி விட்டால், ஒரு குத்துக்கு 49 ஜூல். ஒரே இடத்தில் நூறு குத்து விழுந்தால் 4,900 ஜூல். நட்ட நடுப்பகலில் எங்கள் ஊர் வெயில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ ஐந்து விநாடியில் கொட்டும் ஆற்றல் அது. இடிப்பவரின் முதுகு வியர்வையில் நனைகிறது. மண்ணோ வெயிலின் சூட்டைத் தவிர வேறெதையும் காட்டுவதில்லை.

இந்தச் சிறுமைதான் விஞ்ஞானிகளையும் நீண்ட காலம் ஏமாற்றியது. மியூனிக்கில் பீரங்கிக் குழாய் குடையும்போது ஓயாமல் வெப்பம் பிறப்பதைக் கவனித்த ரம்ஃபோர்டு, வெப்பம் ஒரு பொருள் அல்ல, இயக்கத்தின் ஒரு வகை என்று 1798இல் எழுதினார். இயந்திர வேலைக்கும் வெப்பத்துக்கும் நிலையான விகிதம் உண்டு என்று ஜெர்மனியின் மருத்துவர் ராபர்ட் மேயர் 1842இல் வெளியிட்டார். அந்த விகிதத்தை விடாப்பிடியாக அளந்து நிறுவியவர், 1818இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் மது வடிக்கும் ஆலைக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல். அவருடைய சோதனையில் எடைகள் மெதுவாகக் கீழிறங்கும். அவற்றோடு கட்டிய கயிறு, நீர் நிறைந்த பாத்திரத்துக்குள் துடுப்புகளைச் சுழற்றும். நீர் கலங்கிக் கலங்கிச் சூடாகும். எடைகளை மறுபடி மேலேற்றி 20 முறை இறக்கிய பிறகும் நீரின் வெப்பநிலை உயர்ந்தது ஏறக்குறைய அரைப் பாகை ஃபாரன்ஹீட்தான். அவ்வளவு சிறிய மாற்றத்தை நம்பிக்கையோடு படிக்கக்கூடிய வெப்பமானிகள் அவரிடம் இருந்தன.

அந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. எடைகள் தரையைத் தொடும்போது மிகச் சிறிய வேகம் ஒன்று அவற்றிடம் எஞ்சியிருக்கும். அந்த வேகத்துக்குரிய ஆற்றல் நீருக்குப் போகாமல் தரையில் மோதி அங்கேயே வெப்பமாகிவிடும். ஜூல் அதையும் கணக்கிட்டுக் கழித்தார். தன் நீரில் சேர்ந்த வெப்பம் எது, தரையில் சேர்ந்த வெப்பம் எது என்று பிரித்துப் பார்த்த அந்த நேர்மையை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை ஃபாரன்ஹீட் சூடாக்க, அதே எடை 772 அடி விழ வேண்டும் என்று 1850இல் அவர் முடிவு சொன்னார். இன்றைய அலகில் சொன்னால், நீர் 427 மீட்டர் விழுந்தால் ஒரு பாகை செல்சியஸ் சூடாகும். ஜூல் கண்ட மதிப்பு அதிலிருந்து நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட விலகவில்லை.

நயாகராவில் நீர் 160 அடி விழுவதால், கீழே அது ஒரு பாகை ஃபாரன்ஹீட்டில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சூடாக இருக்க வேண்டும் என்றும் ஜூல் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். 1847இல் மணமான கையோடு ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போனபோதும் வெப்பமானியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அருவியில் அளக்க முயன்றார். நீர் திவலையாகச் சிதறிப் போனதால் அளக்க முடியவில்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில் தொலைவில் வெள்ளைக் கோடாகத் தெரியும் தலையாறு அருவி 297 மீட்டர் உயரம். ஜூலின் கணக்குப்படி அடிவாரத்து நீர் 0.7 பாகை உயர்ந்திருக்க வேண்டும். அருவியில் குளித்தவர் எவரும் நீர் சூடாக இருந்தது என்று சொல்லக் கேட்டதில்லை. அதற்கும் காரணம் உண்டு. நீர் ஆவியாகும்போது ஒரு கிராமுக்கு 2,400 ஜூலுக்கும் மேல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. திவலையாகச் சிதறிக் காற்றில் பறக்கும் நீர், விழுந்ததால் பெற்ற வெப்பத்தைவிட ஆவியாகி இழப்பது அதிகம்.

எங்கள் வீட்டு முற்றத்திலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐப்பசி மழையில் ஓட்டுத் தாழ்வாரத்தின் நான்கு பக்கமும் நீர் ஒழுகி, ஆறு மீட்டர் கீழே முற்றத்துக் கல்லில் மோதுகிறது. ஒரு கிலோ நீருக்கு 59 ஜூல், அதாவது 0.014 பாகை. அந்த ஒரு கிலோவிலிருந்து கால் கிராமில் பத்தில் ஒரு பங்கு நீர் ஆவியானாலே போதும், அந்தச் சூடு முழுவதும் ஈடாகிவிடும். முற்றத்தின் மேல் வானத்திலிருந்து நேராக விழும் துளியின் கணக்கு இன்னும் விசித்திரமானது. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மழைநீரிடம் கிலோவுக்கு 9,800 ஜூல் நிலை ஆற்றல் இருந்தது. ஆனால் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி, விநாடிக்கு ஆறரை மீட்டர் என்ற முற்றுத்திசைவேகத்தை அடைந்த பின் மேலும் வேகம் எடுப்பதில்லை; தரையில் மோதும்போது அதனிடம் கிலோவுக்கு 21 ஜூல்தான் இருக்கும். ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் வரும் வழியிலேயே காற்றோடு உரசி வெப்பமாகிவிட்டது. ஊரணியில் வந்து சேரும் மழைக்கு மோதலில் மாற்றிக்கொள்ள மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

இனி, எனக்கு இந்தப் பாடத்தில் ஆழமாகத் தோன்றும் கேள்விக்கு வருகிறேன். விழுந்த கல்லின் ஆற்றல் வெப்பமாகிறது என்றால், தரையில் கிடக்கும் கல் தன் வெப்பநிலையில் 0.12 பாகையை இழந்து, அதைக் கொண்டு 10 மீட்டர் மேலே ஏன் எழும்புவதில்லை? ஆற்றல் அழிவின்மை விதி அதைத் தடுக்கவில்லை. கணக்கு இரு பக்கமும் சரியாகவே இருக்கிறது. விழும்போது கல்லின் அணுக்கள் அத்தனையும், தேர் வடம் பிடித்தவர்களைப் போல, ஒரே திசையில் விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் சேர்ந்து போகின்றன. மோதலில் அந்த ஒருமுகம் சிதைகிறது; அதே ஆற்றல் ஒவ்வோர் அணுவும் தன் போக்கில் அதிரும் அதிர்வாகப் பிரிந்துவிடுகிறது. அந்த அணுக்கள் எல்லாம் தற்செயலாக ஒரே கணத்தில் மேல்நோக்கி ஒருசேர உந்துவதற்கான வாய்ப்பு பூஜ்யம் அல்ல, ஆனால் எத்தனையில் ஒன்று என்று எழுத முயன்றால், ஒன்றுக்குப் பின்னால் போட வேண்டிய சைபர்களின் எண்ணிக்கையே கோடி கோடி கோடியைத் தாண்டும். ஆஸ்திரிய இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்துத் தந்த பார்வை இது. ஆற்றல் எங்கும் போய்விடவில்லை; மறுபடி ஒன்று திரட்டி வேலை வாங்கும் தகுதியைத்தான் இழந்துவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு, வகுப்பில் செய்து காட்டாமல் விடுவது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி என்று நினைக்கிறேன். செலவு அதிகம் இல்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள பிவிசி குழாய், இரு முனைக்கும் மூடி, ஒரு டிஜிட்டல் வெப்பமானி, ஈயக் குண்டு. தொண்டிப் பக்கம் வலை கட்டுபவர்களிடம் சிறிய ஈயக் குண்டு கிடைக்கும். ஈயத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். அது விழுந்தால் துள்ளாது; நசுங்கி அங்கேயே கிடக்கும். அதோடு, ஒரு கிலோ ஈயத்தை ஒரு பாகை சூடாக்க 130 ஜூல் போதும். நீருக்கு வேண்டியதில் முப்பதில் ஒரு பங்கு. குண்டுகளைக் குழாயின் ஒரு முனையில் போட்டு, நிழலில் வைத்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, மூடியை இறுக்கி, குழாயைச் சட்டெனத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். குண்டுகள் முழுவதும் விழுந்த பிறகு மறுபடி கவிழ்க்க வேண்டும். மெதுவாகச் சாய்த்தால் அவை குழாய்ச் சுவரில் உரசிக்கொண்டே இறங்கி, வெப்பத்தில் ஒரு பங்கைச் சுவருக்குக் கொடுத்துவிடும். குழாயை நடுவில் துணி சுற்றிப் பிடிப்பது நல்லது. உள்ளங்கைச் சூடு குண்டுகளிடம் போய்ச் சேர்ந்தால் சோதனை கெட்டது.

50 முறை கவிழ்த்தால், கணக்குப்படி வெப்பநிலை 3.8 பாகை கூட வேண்டும். குண்டுகளே குழாயில் சிறிது இடத்தை அடைத்துக்கொள்வதாலும், மூடியும் குழாயும் வெப்பத்தில் பங்கு வாங்குவதாலும், வெப்பமானி அதைவிடக் குறைவாகவே காட்டும். ஆனாலும் எவரும் கண்ணால் கண்டு ஒப்புக்கொள்ளும் அளவுக்கு ஏறியிருக்கும். அப்போது பாதி ஈயத்தை எடுத்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வேன். வெப்பநிலை ஏற்றம் பாதியாகக் குறையும் என்றே பெரும்பாலோர் எதிர்பார்ப்பார்கள். கணக்கில் நிறை இரு பக்கமும் அடிபட்டுப் போவதால், ஏற்றம் ஏறத்தாழ அதேதான் இருக்க வேண்டும். இருக்கும் வித்தியாசமும் குழாய் வாங்கிக்கொள்ளும் பங்கு இப்போது பெரிதாகிவிட்டதால் வருவது. அந்த வித்தியாசத்தை விளக்கச் சொல்லி மாணவர்களை எழுத வைத்தால், ஜூல் தரையில் சேர்ந்த வெப்பத்தை ஏன் கழித்தார் என்பது அவர்களுக்குத் தானாகவே விளங்கும். அதே குழாயில் நீரை ஊற்றி 50 முறை கவிழ்த்தால் 0.12 பாகைக்கு மேல் ஏறாது என்பதையும் கணக்கிடச் செய்யலாம்.

ஈயத்தைத் தொட்ட கையை மாணவர்கள் சாப்பிடப் போவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவியாக வேண்டும். குழாயைத் திறக்கும்போது உதிரும் சாம்பல் நிறத் தூளை ஊதிவிடாமல் ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.